மூன்று குக்குறுவான் நீளம்

என் கணவர் என் ஓவிய நோட்டை முதன்முதலாகத் தானாகவே கையில் எடுத்துப் பார்த்ததைக் கொண்டாட, நான் தேக்கா சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தேன். முப்பத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் நான் வரைந்த எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. காட்டினால் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். கண் தொலைக்காட்சியில் இருக்கும். ஒருமுறை மீன்கொத்தியைக் காட்டியபோது "கோழி நல்லாருக்கு" என்றார். வேண்டுமென்றே சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தேநீர்க் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த நோட்டக் கொஞ்சம் குடேன், பாக்கலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இருபது நிமிடம்! நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் குருவி எவ்ளோ நீளம் இருக்கும்?" என்று கேட்டார்.

"பதினேழு சென்டிமீட்டர்."

"கரெக்டா தெரியுமா?"

"புஸ்தகத்துல போட்டிருக்குங்க. குக்குறுவான்னு பேரு. செம்மார்புக் குக்குறுவான்."

அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. பறவையின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கடைசியாக நான் வரைந்திருந்த பக்கத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, வெச்சிக்கறேன் லா" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும் அல்லவா? மறுநாள்தான் அந்த நண்டு.

நான் ஓவியர் ஒன்றும் இல்லை. ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். வாரத்துக்கு மூன்று நாள் வேலை போதும் என்று குறைத்துக்கொண்ட பிறகு, சமூக மன்றத்தில் நீர்வண்ண வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் பழக்கூடையை வரையச் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த மைனாவை வரைந்தேன். அன்றோடு பழம் போயிற்று, பறவை ஒட்டிக்கொண்டது.

பறவையை வரைவதில் ஒரு தொல்லை உண்டு. அது நிற்காது. இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் பெரிய விஷயம். அதனால் பறவை வருவதற்கு முன்பே அது உட்காரப்போகும் கிளையை வரைந்து முடித்துவிட வேண்டும். கிளை ஓடிப் போகாது. அதன் வளைவு, முண்டு, உரிந்த பட்டை, விரிசல் எல்லாவற்றையும் தாளில் பிடித்து வைத்துக்கொண்டால், பறவை வந்து உட்கார்ந்ததும் அதன் கால் எந்த முண்டில், வால் எந்த விரிசலுக்கு நேரே என்று சட்டென்று குறித்துவிடலாம். அளவுக்கு நான் ஸ்கேல் வைத்துக்கொள்வதில்லை. பறவைதான் என் அளவுகோல். ஓரத்தில் எழுதிவைப்பேன்: துளையிலிருந்து கவட்டை வரை ஐந்து குக்குறுவான், விரிசல் ஒன்றரைக் குக்குறுவான் என்று. இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கு அது சரியாக வேலை செய்தது.

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் இரண்டாம் மாடி உயரத்தில் பட்டுப்போன கிளை ஒன்று. தைப்பூசம் முடிந்த வாரம் ஒரு குக்குறுவான் ஜோடி அந்தக் கிளையைக் குடைய ஆரம்பித்தது. உள்ளங்கை அளவுப் பறவை, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் வைத்ததுபோல் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். 'டொங்க், டொங்க்' என்று நாள் முழுக்க ஒரே தாளம். இந்தப் பறவை துளையைக் கிளையின் அடிப்பக்கம்தான் போடும், மழைநீர் உள்ளே போகாதிருக்க. ஆகவே துளையைப் பார்க்க வேண்டுமென்றால் நேர் கீழே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கினேன். வேலை இல்லாத நாட்களில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அதுதான் என் இடம்.

நாற்பத்திரண்டு பக்கம் அந்தக் கிளையை வரைந்திருக்கிறேன். பெண்ணும் ஆணும் மாறி மாறிக் குடைந்தது, மரத்தூளை வாய் நிறைய அள்ளி வெளியே துப்பியது, பிறகு ஒரு நாள் துப்புவது நின்று இரண்டும் மாறி மாறி உள்ளேயே இருந்தது, பிறகு அத்திப்பழத்தை அலகில் வைத்துக்கொண்டு வந்தது. அந்தப் பழத்தைப் பார்த்த அன்று நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். பழம் உள்ளே போகிறது என்றால் குஞ்சு பொரித்தாயிற்று என்று பொருள். சில நாள் கழித்து உள்ளிருந்து கரகரவென்ற சத்தமே கேட்டது. அன்றைய பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: 'குஞ்சுகள் சத்தம் கேட்கிறது. பறக்க இன்னும் மூன்று வாரம். விரிசல் மூன்று குக்குறுவான்.'

விரிசல் ஒன்றரையிலிருந்து மூன்றானதை நானே எழுதினேன், நானே வரைந்தேன். ஆனால் என் மண்டையில் அது ஏறவில்லை. எனக்கு அது வாலுக்கு நேரே உள்ள ஒரு கோடு, அவ்வளவுதான்.

என் கணவர் கப்பல் பட்டறையில் வெல்டிங் சோதிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதர் வாழ்க்கை முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு இரும்பில் விரிசல் தேடியிருக்கிறார். பறவையைத் தெரியாது, விரிசலைத் தெரியும். இரண்டு முறை எங்கள் நான்காம் மாடி நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க உக்காராத, தள்ளி உக்காரு" என்று குரல் கொடுத்தார். "சத்தம் போடாதீங்க, பறந்துடும்" என்று நான் கையை ஆட்டினேன். மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அடுத்த வாரம் புதன்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு உனக்கு வேலை இல்லதானே? தேக்கா போயிட்டு வாயேன், மட்டன் சாப்பிடணும்போல இருக்கு. எலும்போட வாங்கு" என்றார். நாக்குக்கு எதுவும் கேட்காத மனிதர். நோட்டைப் பார்த்தவர், இப்போது என் கைச் சமையலையும் கேட்கிறார். கடைசியில் இந்த மனிதருக்கு என்னைத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று எண்ணி எனக்கு ஒரே பூரிப்பு. வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தார். "அவசரமில்ல, மெதுவா வா. கோயிலுக்கும் போயிட்டு வா" என்றார். பேருந்து கிளம்பும்வரை நின்றார். எனக்குப் புதுப்பெண் மாதிரி வெட்கமாக இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மட்டன் வாங்கினேன், முருங்கைக்காய் வாங்கினேன், மல்லிகை இரண்டு முழம் வாங்கினேன். கோயிலில் அன்று ஏதோ கல்யாணம், கூட்டம் நெரிந்தது. இன்னொரு நாள் வரலாம் என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பேருந்தும் உடனே கிடைத்தது. புளோக்கை நெருங்கும்போதே மரம் அறுக்கும் இரைச்சல் கேட்டது. எங்கேயோ அறுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பின்பக்கம் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. என் நாற்காலி போடும் இடத்தைச் சுற்றி மஞ்சள் தடுப்புப் பட்டை கட்டியிருந்தது. பளுதூக்கி வண்டியின் கூடையிலிருந்து ஒருவர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மரத்தில் கிளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். கிளை மூன்று துண்டாகப் புல்லில் கிடந்தது. அதில் ஒரு துண்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அரைக்கும் எந்திரத்தை நோக்கி நடந்தார்கள்.

"நிப்பாட்டுங்க! ஐயோ, நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டே பட்டைக்குள் ஓடினேன். மட்டன் பை எங்கே விழுந்தது என்று தெரியாது. நல்லவேளை, மேற்பார்வையாளர் தமிழர், தஞ்சாவூர்ப் பக்கம், என்னைவிடப் பத்து வயது குறைந்தவராக இருப்பார். கையை உயர்த்தி எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"உள்ள கூடு இருக்கு. குஞ்சு இருக்கு."

புல்லில் கிடந்த நடுத்துண்டில்தான் துளை இருந்தது. மண்டியிட்டுக் காதை வைத்தேன். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தது. அவரும் காதை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கூடு இருக்குன்னு தெரிஞ்சா நாங்க தொட மாட்டோம்க்கா. ரூலே அதான். குஞ்சு பறந்த பிறகுதான் வருவோம். கீழேருந்து பாத்தோம், பழைய பொந்துன்னு நெனச்சோம், எந்திரச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. டவுன் கவுன்சிலுக்கு வந்த புகார்லயும் சொல்லல பாருங்க" என்று கைபேசியை எடுத்துக் காட்டினார். "புகார் குடுத்தவரு எவ்ளோ டீடெயிலா குடுத்திருக்காரு. விரிசல் அம்பத்தோரு சென்டிமீட்டர், மாசத்துல ரெண்டு மடங்காயிருக்குன்னு. போட்டோவுல தெரியாதுன்னு படமே வரைஞ்சு அனுப்பியிருக்காரு. யாரோ இன்ஜினியர்போல."

திரையில் என் கிளை. என் பென்சில் கோடு. விரிசலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. என் பறவை இல்லை. படத்தின் ஓரங்களை நறுக்கியிருந்தது. வலது விளிம்பில் அதன் வால் நுனி மட்டும் தப்பித் தெரிந்தது. ஓரத்தில் நான் எழுதியதும் இல்லை.

பையிலிருந்த நோட்டை எடுத்து அதே பக்கத்தைப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு கையில் கைபேசியும் ஒரு கையில் நோட்டுமாக மாறி மாறிப் பார்த்தார். பிறகு பள்ளிப்பிள்ளை மாதிரி ஓரத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "குஞ்சுகள் சத்தம் கேட்கிறது. பறக்க இன்னும் மூன்று வாரம்." படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க வரைஞ்சதாக்கா?" என்றார்.

நான்காம் மாடி நடைபாதையை அண்ணாந்து பார்த்தேன். என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையசைக்கவில்லை, கீழே இறங்கியும் வரவில்லை.

பதினேழை மூன்றால் பெருக்கினால் ஐம்பத்தொன்று. அன்று மாலை அவர் உதடு முணுமுணுத்தது அதைத்தான்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். துளையுள்ள துண்டைப் பளுதூக்கி வண்டியில் மேலே கொண்டுபோய், பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கவட்டையில் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். துளை அடிப்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கட்டச் சொன்னேன், அப்படியே செய்தார். அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்?

தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டன. அலகில் பழம். கிளை இருந்த இடத்துக்கு நேராகப் பறந்து வந்து, அது இல்லாததால் காற்றில் தடுமாறித் திரும்பின. மறுபடி வந்தன. அறுத்த வட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, துளை இருக்க வேண்டிய திசையில் கழுத்தை நீட்டிப் பார்த்தன. இரண்டு எட்டுத் தூரத்தில் குஞ்சுகள் கத்துகின்றன, எனக்கே கேட்கிறது. அவற்றுக்கு அந்த இடம்தான் கணக்கு. வேறு எங்கேயும் பார்க்கத் தோன்றவில்லை. இருட்டும்வரை வந்து வந்து போயின. அன்று நான் ஒரு கோடுகூட வரையவில்லை.

இருட்டியபின் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா?" என்று கேட்டேன். தெரிந்ததைத்தான் கேட்டேன். அவர் வாயால் வர வேண்டும் என்று இருந்தது.

"கிளை விழுந்திருந்தா உன் தலையிலதான் விழும். நான் ரெண்டு தடவ சொன்னேன், கேட்டியா நீ?"

"மூணு வாரம்னு எழுதியிருந்துச்சே. அதப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன்."

"அப்புறம் எதுக்குப் பறவைய நறுக்கினீங்க?"

மேசையைப் பார்த்தே சொன்னார்: "பறவை தெரிஞ்சா வர மாட்டாங்க."

பொய் சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், நான் நம்பித் தொலைத்திருப்பேன். விதியைத் தேடிப் படித்து, எந்தப் பகுதி தெரியக்கூடாது என்று பார்த்து, நறுக்கி, நாள் தெரிந்ததும் என்னை மட்டன் வாங்க அனுப்பி, நான் சீக்கிரம் திரும்பிவிடக் கூடாதென்று கோயிலுக்கும் போகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு திட்டம்! "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணு வாரம் நாற்காலியத் தள்ளிப் போட்டிருக்க மாட்டேனா?" என்று கத்தினேன். "மாட்ட" என்றார். அதுவும் உண்மைதான். அந்த உண்மைதான் என்னை இன்னும் எரித்தது.

அவரை மன்னிக்க முடியாமல் போனதற்குக் காரணம் குஞ்சுகள் மட்டும் என்றால் நான் நல்லவளாக இருப்பேன். அந்த இருபது நிமிடம்தான் காரணம். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினாரே, அதை நான் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். நண்டு ஆக்கிப் போட்டேனே பாவி. நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு பறவையைக்கூட அந்த மனிதர் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சத்தம் தேய்ந்துவிட்டது. காட்டுயிர் மீட்பில் தொண்டு செய்யும் ஒரு பெண் வந்து, இரண்டு குஞ்சுகளையும் துணி விரித்த பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். அதற்கு அடுத்த நாள் காலை செய்தி வந்தது. ஒன்று இரவே போய்விட்டது, இன்னொன்று விடியும்போது.

பொங்கோலில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, அப்பா உங்க சேஃப்டிக்குத்தானே செஞ்சாரு? ரொம்ப லவ் மா அது" என்றாள். "உன் லவ்வை நீயே வெச்சுக்கோ" என்று வைத்துவிட்டேன். பதினொரு நாள் அவரிடம் பேசவில்லை. சோறு போட்டேன், துணி மடித்தேன். மஞ்சள் பட்டைக்குப் பக்கத்திலிருந்து மேற்பார்வையாளர் எடுத்துக் கொடுத்த மட்டன் உறைபெட்டியில் அப்படியே கிடந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் ஆக்கவில்லை.

பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும், ஒரே வீட்டில்? பன்னிரண்டாம் நாள் எரிவாயு தீர்ந்துபோய்ப் பேச வேண்டியதாயிற்று. பிறகு மெல்ல மெல்ல எல்லாம் பழையபடி நடக்கிற மாதிரி ஆனது.

போன மாதம் கால்வாய் ஓரத்தில் மறுபடி அந்த 'டொங்க், டொங்க்' கேட்டது. அங்சானா மரம், பட்ட கிளை, அடிப்பக்கம் புதுத் துளை. அதே ஜோடியா வேறு ஜோடியா என்று சொல்லத் தெரியவில்லை. காலை வேளையில் அந்த ஈரப்புல்லில் என்னைத் தவிர யாரும் கால் வைப்பதில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இப்போது அவர் தினமும் மாலை நோட்டைக் கேட்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளையின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நகர்த்துகிறார். நேற்றும் அப்படித்தான்.

"கிளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"விரிசல் ஒண்ணும் இல்லையே?"

"பாருங்களேன். இருந்தா வரைஞ்சிருக்க மாட்டேனா?"

என் கோட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை உண்டு. தலையை ஆட்டிவிட்டு, "குருவியும் நல்லாருக்கு" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். உண்மையாகவே பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் வாங்கி மூடி வைத்தேன்.

இன்று காலை, நான் வரையாமல் விட்ட அந்த விரிசல் ஒன்றரைக் குக்குறுவான் நீளம். துளை அடிப்பக்கம் இருப்பதால், நாற்காலியை நேர் கீழேதான் போட வேண்டியிருக்கிறது.